பார்த்தவர்களின் கதை

மூடுண்ட மதச் சமூகங்களுக்குள் குழந்தைகளுக்கு நேரும் கொடுமையை நாவல்கள் எப்படிச் சொல்கின்றன? நியூயார்க் முதல் மும்பை வரை, கதையைச் சுமப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர்தான்.

கிட்டலுக்கு ஒன்பது வயது. உயிர்த்தோழி டெவோரியின் வீட்டில் ஓர் இரவு தங்குகிறாள். விளக்கு அணைந்த பிறகு டெவோரியின் அண்ணன் அறைக்குள் வருகிறான். அடுத்த படுக்கையில் நடப்பதைக் கிட்டல் பார்க்கிறாள். பார்த்தது என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. எந்த உணவை எந்த உணவோடு சேர்த்து உண்ணலாகாது, ஓய்வுநாளில் என்னென்ன வேலைகள் செய்யலாகாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த இரவில் நடந்ததற்கு மட்டும் அவளிடம் பெயர் இல்லை.

டெவோரி மாறிப்போகிறாள். சொந்த வீட்டுக்குத் திரும்ப மறுக்கிறாள். அடங்காத பிள்ளை என்கிறார்கள் பெரியவர்கள். கடைசியில் கிட்டலின் வீட்டிலேயே அந்தச் சிறுமி உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அதன் பிறகு கிட்டலுக்கு இடப்படும் கட்டளை ஒன்றுதான்: நீ எதையும் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் மறந்துவிடு. அவளும் வாயைத் திறக்காமல் வளர்கிறாள். கல்யாணப் பேச்சு எழும் வயது வருகிறது. செத்துப்போன தோழி அவளை விடுவதாக இல்லை.

இது ‘ஹஷ்’ என்ற அமெரிக்க நாவல். தமிழில் ‘உஷ்’ என்று சொன்னால் தலைப்பு அப்படியே வந்துவிடும். களம், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஹசிடிக் யூதர்கள் நெருங்கி வாழும் போரோ பார்க். 2010-இல் நூல் வெளியானபோது அட்டையில் இருந்தது ஆசிரியரின் சொந்தப் பெயர் அல்ல. ‘ஏஷஸ் ஹாயில்’ என்ற புனைபெயர். பழைய ஏற்பாட்டின் நீதிமொழிகளிலிருந்து எடுத்த சொல் அது. தமிழ் வேதாகமம் அதைக் ‘குணசாலியான ஸ்திரீ’ என்கிறது. வாய் திறக்காத பெண்ணுக்குச் சமூகம் சூட்டும் பட்டத்தையே, வாய் திறந்த ஒருத்தி முகமூடியாக அணிந்துகொண்டாள். அடுத்த ஆண்டு, 2011-இல், ஜூடி பிரவுன் தன் சொந்தப் பெயரோடு வெளியே வந்தார். அவரும் அந்தச் சமூகத்தில் பிறந்து வளர்ந்தவரே.

இந்த நாவலில் கவனிக்க வேண்டிய விஷயம், கதை சொல்பவள் டெவோரி அல்ல என்பது. கொடுமைக்கு ஆளான குழந்தை பாதியில் போய்விடுகிறாள். பார்த்தவள் மிஞ்சுகிறாள். மூடுண்ட மதச் சமூகங்களைப் பற்றி வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மொழிகளில் எழுதியவர்கள் ஒருவரையொருவர் கலந்து பேசிக்கொண்டவர்கள் அல்ல. ஆனாலும் அவர்களில் பலர் இதே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். குற்றவாளியின் மனத்தைக் குடைவதைவிட, தெரிந்தும் பேசாமல் இருந்தவரின் மனத்தைக் குடைவதில்தான் இவர்களுக்கு அக்கறை. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஊர் வாயும் உலைமூடியும்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. இந்த நாவல்கள் காட்டும் ஊர்களில் அந்த மூடி உண்டு. அதன் முதல் கைப்பிடி கல்யாணம். ஹசிடிக் சமூகத்தில் வரன்கள் தரகர் மூலமாக, குடும்பத்தின் பெயரை எடைபோட்டே முடிவாகின்றன. ஒரு வீட்டில் இப்படி நடந்தது என்று தெரிந்தால், அந்த வீட்டின் மற்றப் பிள்ளைகளுக்கும் வரன் நின்றுபோகும். புகார் சொன்ன வீட்டுக்கும் அதே கதிதான்.

இரண்டாவது, விதி. பிறரைப் பற்றிப் பொல்லாங்கு பேசலாகாது என்பது ஒன்று. சக யூதனை அந்நிய அரசிடம் காட்டிக்கொடுக்கலாகாது என்பது இன்னொன்று. கொடுங்கோல் அரசுகளிடமிருந்து தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சமூகம் வகுத்துக்கொண்ட விதி அது. ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அந்த விதியை எளிதில் பழிக்க மாட்டார்கள். குழந்தையைக் காப்பாற்றப் போலீசிடம் போவதற்கு இது தடையல்ல என்று சொன்ன ரபிக்களும் இருக்கிறார்கள். ஆனால் பயந்துபோன ஒரு தகப்பனின் காதில் விழுவது அந்த விளக்கம் அல்ல, பழைய விதிதான்.

மூன்றாவது, தள்ளிவைத்தல். இது இந்தியாவுக்குப் புதியதல்ல. சமூக விலக்கைத் தடைசெய்து பம்பாய் மாகாணம் 1949-இல் சட்டம் இயற்றியது. தாவூதி போராக்களின் தலைமை குருவான சையத்னா அதை எதிர்த்து வழக்கு நடத்தினார். 1962-இல் உச்ச நீதிமன்றம், விலக்கும் அதிகாரம் மத உரிமையின் ஒரு பகுதியே என்று கூறிச் சட்டத்தை ரத்து செய்தது. விலக்கப்பட்டவருக்குத் தொழுகைக் கூடமும் இல்லை, இடுகாடும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து, 2016-இல், சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் சட்டத்தை மகாராஷ்டிர சட்டமன்றம் நிறைவேற்றியது.

இந்த மூன்றும் சேர்ந்தால் குழந்தைக்கு என்ன ஆகும்? சோறு, பள்ளி, படுக்கை, கடவுள் எல்லாம் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. வேலிக்கு வெளியே போய் யாரிடம் சொல்வது என்று அதற்குத் தெரியாது. பெரியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் நாவலாசிரியர்களின் கேள்வி பெரியவர்களைச் சுற்றியே வருகிறது.

ஒரு சிறுவன், ஒரு பானை

இந்தியாவில் இந்தக் கேள்வியை வெகு முன்னதாகவே எழுப்பியவர் கன்னட எழுத்தாளர் யு.ஆர். அனந்தமூர்த்தி. 1963-இல் வெளியான ‘பிரஸ்னே’ தொகுப்பில் உள்ள ‘கடஸ்ராத்த’ அவரது நீண்ட கதைகளில் ஒன்று. வேதம் படிக்க உடுப்பரின் வீட்டுக்கு அனுப்பப்படும் சிறுவன் நாணியின் கண் வழியாகக் கதை விரிகிறது. அங்கே பெரிய மாணவர்கள் அவனை மிரட்டி வதைக்கிறார்கள். புனிதமான இடம், ஆசாரமான வீடு, மந்திரம் ஒலிக்கும் திண்ணை, இரவானால் பயம். அந்தச் சிறுவனுக்கு அங்கே ஆதரவாக இருக்கும் ஒரே உயிர் உடுப்பரின் மகள் யமுனா. சின்ன வயதில் விதவையானவள்.

யமுனா கர்ப்பமாகிறாள். விஷயம் அக்கிரகாரத்துக்குத் தெரிகிறது. காரணமானவன் தப்பிவிடுகிறான். தகப்பனே மகளுக்குக் கடஸ்ராத்தம் செய்கிறார். பானையை உடைத்து, உயிரோடு இருப்பவளைச் செத்தவளாகக் கருதிச் சிராத்தம் செய்து தள்ளிவைக்கும் சடங்கு அது. மொட்டையடிக்கப்பட்டு மரத்தடியில் தனியே விடப்பட்ட யமுனாவை நாணி பார்க்கிறான். தன்னை அழைத்துப்போக வந்த அப்பாவுடன் ஊருக்குத் திரும்புகிறான். அவன் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

கிரீஷ் காசரவள்ளி 1977-இல் இதையே தன் முதல் படமாக எடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. புதுப்பிக்கப்பட்ட பிரதி 2024-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியின் கதையாகத்தான் பலரும் இதைப் படித்தார்கள், பார்த்தார்கள். அது சரிதான். ஆனால் கதைக்குள் இன்னொரு காயம் இருக்கிறது. அன்பு காட்டிய ஒரே ஆளைத் தன் சமூகம் என்ன செய்தது என்பதைப் பார்த்துவிட்ட ஒரு குழந்தையின் காயம். அந்தச் சிறுவனை யாரும் கையால் தொடாமல் இருந்திருந்தாலும் அவன் தப்பியிருக்க மாட்டான். பார்ப்பதும் ஒரு வதைதான் என்பதை அனந்தமூர்த்தி விளக்கி எழுதவில்லை. குழந்தையின் உயரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்கவைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

வைக்கோல் பரணில் எட்டுப் பெண்கள்

கனடிய எழுத்தாளர் மிரியம் டேவ்ஸ் மெனோனைட் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 2018-இல் வெளியான அவரது ‘விமன் டாக்கிங்’ நாவலுக்குப் பின்னால் உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டில் மெனோனைட்டுகளின் மனிடோபா குடியிருப்பு இருக்கிறது. மின்சாரமும் மோட்டார் வாகனமும் வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் மக்கள். 2005 முதல் 2009 வரை அங்கே பெண்கள் காலையில் உடல் வலியோடும் ரத்தக் கறையோடும் கண்விழித்தார்கள். இரவில் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவில்லை. பேயின் வேலை என்றார்கள், பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார்கள், பெண்களின் கற்பனை என்றும் சொன்னார்கள். கடைசியில் அதே குடியிருப்பு ஆண்கள் பிடிபட்டார்கள். கால்நடைகளுக்குக் கொடுக்கும் மயக்கமருந்தை ஜன்னல் வழியே தெளித்துவிட்டு உள்ளே நுழைந்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களில் மூன்று வயதுக் குழந்தையும் உண்டு. 2011-இல் ஏழு பேருக்குத் தலா 25 ஆண்டுச் சிறை. மருந்து கொடுத்தவருக்கு 12 ஆண்டு.

டேவ்ஸ் நாவலை இந்தக் கொடுமைகள் முடிந்த இடத்தில் தொடங்குகிறார். ஆண்கள், கைதானவர்களை ஜாமீனில் எடுக்க நகரத்துக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு நாள் அவகாசம். எட்டுப் பெண்கள் வைக்கோல் பரணில் கூடிப் பேசுகிறார்கள். மூன்று வழிகள்: ஒன்றும் செய்யாமல் இருப்பது, இருந்து போராடுவது, வெளியேறுவது. குற்றவாளிகளை மன்னிக்காவிட்டால் சொர்க்கம் இல்லை என்று சபைத் தலைவர் சொல்லிவிட்டார். மன்னிப்பு என்ற சொல்லை அந்தப் பெண்கள் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள். கட்டாயப்படுத்தி வாங்கும் மன்னிப்பு மன்னிப்பா? மூன்று வயது மகளுக்கு மருந்து வாங்கப் பல மைல் நடந்துபோன ஒரு தாய் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். டாக்டரை அழைத்தால் வெளியே பேச்சு பரவும் என்று தலைவர் மறுத்திருந்தார்.

வதைபட்ட மனம் எத்தனை விதமாக நடந்துகொள்ளும் என்பதை அந்தப் பரணிலேயே காட்டிவிடுகிறார் டேவ்ஸ். ஒருத்தி அரிவாளோடு பாய்ந்தவள். ஒருத்தி சிரித்துக்கொண்டே இருக்கிறாள். ஒருத்தி மயங்கி விழுகிறாள். ஒருத்தி பெரியவர்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். குழந்தைகளிடம் மட்டும் பேசுகிறாள். இவர்களில் யார் ‘சரியாக’ பாதிக்கப்பட்டவர் என்ற கேள்விக்கே இடமில்லை.

கதையைச் சொல்பவன் ஒரு ஆண். ஆகஸ்ட் எப் என்ற பள்ளி ஆசிரியன். அந்தப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் கூட்டக் குறிப்பு எழுத அவனை உட்காரவைக்கிறார்கள். பெண்களின் கதையை ஆண் சொல்வதா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த ஊரில் ஒரு ஆண் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், பெண்கள் சொல்வதை எழுதிக்கொள்வது அதுவரை நடக்காத காரியம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022-இல் இதைப் படமாக்கிய சாரா பாலி வேறு வழி எடுத்தார். படத்தில் கதை சொல்பவள் அந்தக் குடியிருப்பின் இளம்பெண் ஒருத்தி. பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்கு அவள் சொல்கிறாள். தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது 2023-இல் பாலிக்குக் கிடைத்தது.

ஏழு வயது

பார்த்தவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே ஆளாக இருந்தால்? ஃபர்சானா டாக்டரின் ‘செவன்’ நாவல் இந்த இடத்துக்கு வருகிறது. 2020-இல் வெளியானது. ஆசிரியர் டொராண்டோவில் மனநல சிகிச்சையாளர், தாவூதி போரா குடும்பத்தில் பிறந்தவர். தலைப்பிலுள்ள ‘ஏழு’, ஒரு சிறுமியின் வயது. போராப் பெண்குழந்தைகளுக்கு ‘கத்னா’ எனப்படும் உறுப்புச் சிதைப்பு வழக்கமாக அந்த வயதில்தான் நடக்கிறது. பாட்டியோ அத்தையோ ஏதாவது காரணம் சொல்லி வெளியே அழைத்துப்போவார்கள். வெட்டப்படும் இடத்துக்குச் சமூகத்தில் புழங்கும் பெயர் ‘ஹராம் கீ போட்டி’. பாவச் சதை என்று பொருள்.

நாவலின் நாயகி ஷரிஃபா அமெரிக்காவில் வாழ்பவள். கணவனோடும் ஏழு வயது மகளோடும் மும்பைக்கு வருகிறாள். குடும்பத்தின் மூதாதை ஒருவரைப் பற்றி ஆராய்வது அவள் நோக்கம். அத்தை, பெரியம்மா பிள்ளைகளில் ஒருத்தி கத்னாவை எதிர்த்து இயக்கம் நடத்துகிறாள். இன்னொருத்தி அதில் தவறில்லை என்கிறாள். தனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஷரிஃபா உறுதியாக நம்புகிறாள். மூதாதையின் வரலாற்றைத் தோண்டப் போனவள், தன் ஏழாவது வயதைத் தோண்டி எடுக்கிறாள். மனம் மறந்துவிட்டதை உடம்பு மறக்கவில்லை. தாம்பத்தியத்தில் அவளுக்கு விளங்காமல் இருந்த ஒன்றுக்கு அப்போது விளக்கம் கிடைக்கிறது.

இப்படி மறக்க முடியுமா? அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃபிரெய்டு 1996-இல் வெளியான தன் நூலில் ஒரு விளக்கம் தந்தார். தன்னைக் காக்க வேண்டியவரே துரோகம் செய்யும்போது, குழந்தை அதை அறியாமல் இருப்பதே அது பிழைக்கும் வழி. வெறுத்துவிட்டால் யாரிடம் சோறு கேட்பது? பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டுவரும் நினைவுகளை எவ்வளவு நம்பலாம் என்பதில் உளவியலாளர்களுக்குள் கடும் சண்டையும் நடந்தது. ஷரிஃபா தன் நினைவைத் தனியே நம்பிவிடுவதில்லை, உறவுகளிடம் கேட்கிறாள் என்பது நாவலின் நிதானம். தாமதமாக வரும் உண்மைக்குச் சட்டமும் மெதுவாகத்தான் வழிவிட்டது. குழந்தைப் பருவக் கொடுமைக்கு 55 வயது வரை சிவில் வழக்கு தொடரலாம் என்று நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியது 2019-இல்தான்.

கதைக்கு வெளியேயும் மௌனம் உடைந்தது. கத்னாவுக்கு எதிராக 2015-இல் தொடங்கிய சஹியோ அமைப்பு 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பதிலளித்த 385 போராப் பெண்களில் 80 சதவீதம் பேர் தங்களுக்கு இது நடந்ததாகச் சொன்னார்கள். ஏறக்குறைய அதே அளவினர் இது தொடரக் கூடாது என்றும் சொன்னார்கள். அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தாக்கலானது. 2018-இல் அது அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இது மத உரிமை என்று வாதிடும் போராப் பெண்களும் அதே நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நாவலில் வரும் இரண்டு சகோதரிகளும் வீதியில் நடமாடுபவர்கள்தான்.

நான், நீ, அவன்

பாதிக்கப்பட்ட பிள்ளையையே மையமாக வைத்து எழுதத் துணிந்தவர் அயர்லாந்தின் ஜான் மக்காஹெர்ன். 1965-இல் வெளியான ‘தி டார்க்’ நாவலில் கத்தோலிக்கக் கிராமம் ஒன்று வருகிறது. தாயில்லாத வீடு. தகப்பன் மகனை அடிக்கிறான், ஒரே கட்டிலில் படுக்கவைத்துத் தகாத முறையில் நடந்துகொள்கிறான். பாதிரியாராகலாம் என்ற கனவோடு உறவுக்காரப் பாதிரியார் வீட்டுக்குப் போனால் அங்கும் இரவு நிம்மதியில்லை.

அந்த நாவலின் இலக்கணமே நிலைகொள்ளாமல் தவிக்கிறது. சில அத்தியாயங்களில் பையன் ‘நான்’ என்கிறான். சிலவற்றில் ‘நீ’ ஆகிறான். சிலவற்றில் ‘அவன்’. வலி மிகும்போது தன்னைவிட்டு விலகி, தனக்கு நடப்பதை வேறொருவனுக்கு நடப்பதுபோலப் பார்ப்பது வதைபட்ட மனத்தின் வழக்கம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பையனே தனக்குச் சாட்சி ஆகிவிடுகிறான்.

எழுதியதற்கு மக்காஹெர்ன் கொடுத்த விலை சிறியதல்ல. அயர்லாந்தின் தணிக்கை வாரியம் நாவலைத் தடைசெய்தது. டப்ளின் பேராயரின் தலையீட்டில், கத்தோலிக்கப் பள்ளியில் அவர் பார்த்துவந்த ஆசிரியர் வேலை பறிபோனது. திருச்சபை நடத்திய விடுதிகளிலும் தொழிற்பள்ளிகளிலும் குழந்தைகள் பட்ட பாட்டை அரசு விசாரணை ஆணையம் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது 2009-இல். நாவலுக்கும் அறிக்கைக்கும் இடையில் 44 ஆண்டுகள். அந்த 44 ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் அந்தக் கதவுகளுக்குள் போய்வந்தார்கள் என்பதை நினைத்தால், ஒரு நூலைத் தடைசெய்வது இலக்கிய விவகாரம் மட்டும் அல்ல என்பது விளங்கும்.

எதிரி கையில் ஆயுதம்

இப்படி எழுதுகிறவர்கள்மேல் வழக்கமாக விழும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு: நம்மைப் பிடிக்காதவர்களின் கையில் ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறாய். இதை வெறும் சாக்கு என்று ஒதுக்க முடியாது. போரோ பார்க்கில் குடியேறிய முதல் தலைமுறையில் பலர் நாஜிகளின் முகாம்களிலிருந்து தப்பி வந்தவர்கள். இந்தியாவில் போராக்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. அவர்களது பெண்கள் சொல்லும் துயரத்தை, அந்தப் பெண்கள்மேல் எந்த அக்கறையும் இல்லாதவர்கள் தங்கள் அரசியலுக்கு எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

நல்ல நாவல்கள் இந்த ஆபத்தை அறிந்தே எழுதப்பட்டிருக்கின்றன. ‘ஹஷ்’ படிப்பவர்களுக்குப் பண்டிகைச் சமையலின் வாசமும் இரண்டு சிறுமிகளின் குறும்பும் நினைவில் நிற்கும். பல பக்கங்களில் சிரிப்பு வருகிறது. கிட்டலுக்குத் தன் ஊர் பிடிக்கும், கடவுள் பிடிக்கும், அம்மா அப்பா பிடிக்கும். பிடித்தவர்கள்தான் அவளைப் பேசாதே என்கிறார்கள். அன்பில்லாத ஊராக இருந்திருந்தால் அவள் எளிதில் வெளியேறியிருப்பாள், கதையும் சின்னதாக முடிந்திருக்கும். ‘விமன் டாக்கிங்’ பெண்கள் பைபிளை வீசி எறியவில்லை. அதன் வசனங்களை வைத்தே தங்கள் வழக்கை வாதிடுகிறார்கள். நம்பிக்கையைக் குற்றவாளிகளிடமே விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கொடுமையை விரிவாக வர்ணித்து, வாசகனைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்க்கவைக்கும் எழுத்து. பத்திரிகைகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இங்கே பேசப்பட்ட எழுத்தாளர்கள் அந்த இடத்தில் கையை மடக்கிக்கொள்கிறார்கள். டேவ்ஸ் நாவலில் இரவுகள் காட்டப்படுவதே இல்லை. பாலியின் படத்திலும் விடிந்த பிறகான காட்சிகள்தான் கண நேரம் வந்து போகின்றன. எவ்வளவு சொன்னால் உண்மை, எங்கே தாண்டினால் வேடிக்கை என்ற கணக்குத் தெரிந்தவர்களால்தான் இதை எழுத முடிகிறது.

கரி வியாபாரியின் நடை

பார்த்தவர் பேசாமல் இருப்பது இந்தியச் சட்டத்தில் இப்போது குற்றம். 2007-இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 53 சதவீதம் பேர் ஏதாவது ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, இப்படி ஒன்று நடந்தது தெரிந்தவர் எவரானாலும் போலீசிடம் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21-ஆவது பிரிவின்படி தண்டனை உண்டு. மதகுருவும் இதில் அடக்கம், தலைமையாசிரியரும் அடக்கம். நாவலாசிரியர்கள் விரல் நீட்டிய ஆளையே சட்டமும் கடைசியில் கண்டுபிடித்திருக்கிறது.

ஆனால் பேசினால் என்ன ஆகும் என்ற பயத்தைச் சட்டப் பிரிவு போக்கிவிடாது. அந்தப் பயத்தின் எடையைச் சரியாக நிறுத்துக் காட்டிய நாவல்களில் ஒன்று கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’. 2021-இல் வெளியான சின்னஞ்சிறு நாவல். அயர்லாந்தின் நியூ ராஸ் என்ற சிற்றூர், ஆண்டு 1985, கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. பில் ஃபர்லாங் கரி வியாபாரி. கன்னியர் மடத்துக்குக் கரி இறக்கப் போனவன், அங்கே கரிக்கொட்டடிக்குள் பூட்டிவைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பார்க்கிறான். கல்யாணம் ஆகாமல் தாயான பெண்களையும் ஆதரவற்ற பெண்களையும் அடைத்துவைத்து வேலை வாங்கிய மக்டலீன் சலவைக்கூடங்களில் ஒன்று அது. அயர்லாந்தில் இவற்றில் கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996-இல். அரசு மன்னிப்புக் கேட்டது 2013-இல்.

ஊரில் எல்லோருக்கும் விஷயம் அரைகுறையாகத் தெரியும். உனக்கு ஏன் வம்பு என்கிறார்கள். ஃபர்லாங்குக்கு ஐந்து பெண்குழந்தைகள். அவர்கள் படிக்கும், படிக்க வேண்டிய பள்ளி அதே கன்னியர் கையில். அவனே கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்தவன். ஒரு வீட்டு எஜமானி இடம் கொடுத்ததால் பிழைத்தவன். இரண்டையும் மனத்தில் போட்டு நடக்கிறான். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை, இருட்டும் நேரத்தில், மடத்துக்குப் போய்க் கொட்டடியைத் திறக்கிறான். காலில் செருப்பில்லாத அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகத் தெரு வழியே தன் வீட்டுக்கு அழைத்துப்போகிறான். எதிரே வருகிறவர்களில் சிலர் நின்று பேச வந்து, அவளைப் பார்த்ததும் விலகிப்போகிறார்கள்.

வீட்டு வாசலோடு கீகன் கதையை முடித்துவிடுகிறார். கதவைத் திறக்கும் மனைவி என்ன சொன்னாள், அந்த ஐந்து பெண்களின் பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்பதெல்லாம் நாவலில் இல்லை. இனிமேல்தான் கஷ்டம் என்பது ஃபர்லாங்குக்குத் தெரியும். தெரிந்தேதான் அவன் நடந்தான்.